ஞாயிறு மத்தியானத்துச் சோலோ

லண்டன் லூயிஷாமில் ஒரு பப். அங்கே ஞாயிறு மத்தியானங்களில் ஜாஸும் ரிதம் அண்ட் ப்ளூஸும் வாசிக்கும் குழுவில் யோகலிங்கம் முப்பது வருடம் சாக்ஸபோன் ஊதினார். ஒருநாள்கூட அவரைத் தனியாக ஊத விட்டதில்லை. 1991 மார்ச்சில், நேற்று வந்த ஒருவனுக்குச் சோலோவைக் கொடுத்தார்கள். யோகலிங்கம் சாக்ஸபோனைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, அலுமாரிக்கு மேல் ஏற்றினார். திறப்பைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டார். அதன்பின் பப் பக்கமே போகவில்லை.

நான்காவது ஞாயிறு அவர் நண்டுக் குழம்போடு சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், மனைவி செல்வமலர் டெலிபோனை வைத்துவிட்டு வந்தாள்.

“உங்கட குழுத் தலைவர். இண்டைக்கு நீங்கள் தனிய ஊதினதுக்குச் சனம் எழும்பி நிண்டு கை தட்டினதாம்.”

“நான் காலமை தொடக்கம் வீட்டைதானே நிக்கிறன்?”

“ஓம். அதைத்தான் நானும் சொன்னனான். அவர் சிரிக்கிறார்.”

யோகலிங்கத்துக்குப் பயம் வரவில்லை. பற்றிக்கொண்டுதான் வந்தது.

“முப்பது வருஷமாக் கேட்டும் தராதவங்கள், நான் போகாத நாளிலோ தந்தவங்கள்?”

கையைக் கழுவிவிட்டுப் பெட்டியை இறக்கினார். பூட்டு அப்படியே இருந்தது. கழுத்துத் திறப்பால் திறந்தார். ஊதி முடிந்ததும் குழலுக்குள் துணியை விட்டு இழுத்து எச்சில் ஈரத்தைத் துடைப்பது அவர் வழக்கம். இன்றும் இழுத்தார். துணி நனைந்து வந்தது.

“ஊதிப்போட்டுத் துடைக்காமல் வைச்சிருக்கிறான்,” என்று பல்லைக் கடித்தபடி பிழிந்தார்.

ஈரம் இன்னும் சூடாக இருந்தது.