கல்யாணக் காரின் அலறல்

வாசலில் இருப்பவர்கள் நான், மகன் ராஜசேகர், தங்கை கற்பகம், கல்யாணப்பெண்ணான பேத்தி தாரணி, மெக்கானிக் மஜீத். எங்கள் வீட்டுக் கல்யாணப்பெண்கள் மண்டபத்துக்கு என் அப்பா வாங்கிய இந்தக் காரில்தான் போவார்கள். முகூர்த்தம் நெருங்குகிறது. ஆக்சிலேட்டரில் யாரும் கால் வைக்காமலே கார் நின்ற இடத்தில் அலறுகிறது. முன்னால் கட்டிய மல்லிகைச் சரம் வெயிலில் நடுங்கி உதிர்கிறது. இன்ஜின் வேகத்தைக் குறைக்க கார்புரேட்டரின் ஐடில் ஸ்க்ரூவை மஜீத் முழுக்கத் தளர்த்தியும் சத்தம் இறங்கவில்லை. தாரணி புடவைக் கொசுவத்தைக் கசக்கிக்கொண்டு நிற்கிறாள். “ஆட்டோ கூப்புடட்டுங்களாப்பா?” என்கிறான் ராஜசேகர். “கூப்புட்டா நீயே ஏறிப் போடா” என்கிறேன். மஜீத் டார்ச்சோடு பானட்டுக்குள் குனிகிறார். “ஏனுங்க, உள்ளே இந்தக் கறுப்புக் கயிறு யார் கட்டுனது?” “கண்ணு படக்கூடாதுன்னு நான்தான்” என்கிறாள் கற்பகம். கயிறு ஆக்சிலேட்டர் கம்பியைத் திரும்ப விடாமல் இழுத்துப் பிடித்திருக்கிறது. “கண்ணு படலீங்க, வண்டிக்குத்தான் மூச்சு வாங்குது” என்று மஜீத் அதை அறுக்கிறார். சத்தம் தணிகிறது.

பெண் ஆட்டோவில் வந்தாள் என்று மாப்பிள்ளையின் ஊரான கொல்லங்கோட்டில் பேசிக்கொள்கிறார்களாம். தவறு. பெண் எங்கள் காரில்தான் வந்தாள். வழியில் மறுபடி அலறினால் பார்ப்பதற்காக முன்சீட்டில் என் இடத்தில் மஜீத் உட்கார்ந்தார். ஆட்டோவில் வந்தவன் நான்.