ஜன்னலில் பதினைந்து முகங்கள்

"உன் மூஞ்சி மேல உனக்கே அவ்வளவு ஆசையா?" என்று நறுக்கென்று கேட்டுவிடத்தான் மாடி ஏறினேன்.

பின்னே? என் வீட்டு மாடிக்குக் குடிவந்து முழுசாக ஒரு மாதம் ஆகவில்லை. தெருப்பக்க ஜன்னல் கம்பியில் பதினைந்து கண்ணாடித் துண்டுகளைக் கட்டி, அத்தனையிலும் தன் முகத்தையே ஒட்டி வைத்திருக்கிறான் அந்தப் பையன். முதலாவதில் பால் மணம் மாறாத முகம், கடைசியில் மீசை. எதிர்வீட்டுக் குழந்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வீல் என்று அலறுகிறது.

கதவு திறந்தே இருந்தது. மேஜையில் ஒரு தட்டு நிறைய வெந்நீர். அதில் அவன் முகம் மிதந்துகொண்டிருந்தது.

தாள் இல்லை, அட்டை இல்லை, வெறும் தோல். தண்ணீர் அசைய அசைய அதன் வாய் திறந்து திறந்து மூடியது.

"பயப்படாதீங்கக்கா. எடுத்த உடனே கேமராவுல இருந்து வெளியே வருமே, அந்த போட்டோ. வெந்நீர்ல ஊறப் போட்டா படம் மட்டும் பாலாடை மாதிரி தனியா வந்துடும். கண்ணாடியில ஒட்டிக்கலாம்."

கண்ணாடியைத் தண்ணீருக்குள் விட்டு அதை ஏந்தினான். பிரஷ்ஷால் கன்னத்துச் சுருக்கத்தை நீவினான். சுருக்கம் போகப் போக அது என்னையே முறைத்தது.

"பதினஞ்சு பத்தாதா? இது வேறயா?"

"இன்னிக்குப் பிறந்தநாள்க்கா. வருஷத்துக்கு ஒண்ணு."

"பிறந்தநாள்னா புதுச்சட்டை போட்டுக்கோ. தெருவை மிரட்டாதே. சாயங்காலத்துக்குள்ள எல்லாத்தையும் கழட்டு. இல்லேன்னா வேற வீடு பாரு."

அவன் முகம் தொங்கிப்போனது. "அம்மா தாங்க மாட்டாங்கக்கா."

அவன் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கடைசிக் கண்ணாடியைத் தடவியபடி, "ஏன்டா இப்படி இளைச்சுட்டே?" என்று அதனிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

நல்ல குடும்பம்தான் போங்கள்! பெற்ற பிள்ளை இங்கே நிற்கிறான், பேச்சு கண்ணாடியோடு. கிட்டே போய்ப் பார்த்தேன்.

அவனேதான். ஆனால் ஏதோ சரியில்லை. இவனுக்கு மச்சம் இடது கன்னத்தில். கண்ணாடியில் இருந்தவனுக்கு வலது கன்னத்தில். தலை வகிடும் மாறியிருந்தது. பதினைந்திலும் அப்படியே.

"யாருப்பா இது?"

"தெருவுல இருந்து பார்த்தா நான்க்கா. வீட்டுக்குள்ள இருந்து பார்த்தா இடம் வலம் மாறி, அச்சு அசலா என் தம்பி. நாங்க ரெட்டைப் பிள்ளைங்க. மச்சம் மட்டும் அவனுக்கு அந்தப் பக்கம்."

"தம்பி எங்கே இருக்கான்?"

அவன் கையிலிருந்த கண்ணாடியின் ஓரத்து ஈரத்தைத் துடைத்தான். அம்மாதான் என் பக்கம் திரும்பினார்.

"கழட்டச் சொல்லாதீங்கம்மா. சின்னவன் பத்து வயசுல போயிட்டான். அதுக்கப்புறம் வருஷா வருஷம் இவன்தான் அவனை எனக்கு வளர்த்துக் கொடுக்கிறான்."