பாலம் ஏறாதவர்

"நான் பதவியில இருக்கிற வரைக்கும் என்கிட்ட எதுவும் கேட்கக் கூடாது."

"சரி, இறங்கின அன்னிக்குக் கேட்கிறேன்."

முதல் வெற்றியன்று கணவரிடம் அவள் வாங்கிய வாக்கு அது. பிறகு ஆற்றுப் பாலத்துக்காக அவருடைய தையல் கடையையே இடிக்க வைத்தாள். அன்றிலிருந்து அவர் பாலத்தில் கால் வைத்ததில்லை. அணைக்கட்டு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் அக்கரையில் போட்ட புதுக் கடைக்குப் போவார். தீராத கோபம் என்றே அவள் நினைத்திருந்தாள்.

இன்று தேர்தலில் தோற்றுவிட்டாள். கூடத்தில் இருந்த கூட்டம் கலைந்ததும், கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"இப்பக் கேட்கலாமா, முன்னாள் எம்.எல்.ஏ. அம்மா?"

"பழைய கடையைத் தவிர எது வேணா கேளுங்க."

"ஊருக்கே பாலம் போட்டுக் கொடுத்தவ நீ. அதுல முதல் தடவை உன் கையைப் பிடிச்சுக்கிட்டுதான் நடக்கணும்னு இத்தனை வருஷமா காத்திருக்கேன். வர்றியா?"