ஜன்னலோர நாற்காலியின் எடை

அருண்பிரசாத்தும் தேவிப்ரியாவும் செங்கம் ரோட்டில் சின்னதாக ஒரு காபிக் கடை நடத்துகிறார்கள். ஆள் உட்கார்ந்தால் மட்டும் மின்விசிறி ஓடட்டும் என்று அவன் ஒவ்வொரு நாற்காலிக்கு அடியிலும் ஒரு சென்சார் பொருத்தியிருந்தான். சென்சார் எடையைச் சொல்லும். சுவரில் இருக்கும் சின்ன கம்ப்யூட்டர் போர்டு அதைப் பார்த்து முடிவெடுக்கும். தலைக்கு மேல் விசிறி சுற்றும்.

ஒரு காலை, கடை திறப்பதற்கு முன்பே ஜன்னலோர நாற்காலியின் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நாற்காலியில் யாரும் இல்லை. போனில் பார்த்தான். எடை இரண்டே முக்கால் கிலோ என்று காட்டியது. சென்சாரை மாற்றினான், வயரை மாற்றினான். எடை மாறவில்லை.

எட்டிப் பார்த்த தேவிப்ரியா அப்படியே நின்றுவிட்டாள். போன வருஷம் பிறந்த அன்றே இறந்துபோன அவர்கள் மகளின் எடை அதுதான். அவளை வயிற்றில் சுமந்த மாதங்களில் தேவிப்ரியா உட்கார்ந்திருந்ததும் அந்த நாற்காலியில்தான்.

"கழட்டிடறேன் தேவி," என்றான் அவன்.

"வேணாங்க. காத்துதான் ஜாஸ்தியா இருக்கு. பச்சக் கொழந்தைக்கு ஆவாது."

அவன் லேப்டாப்பைத் திறந்து, அந்த நாற்காலிக்கு மட்டும் விசிறி மெதுவாக ஓடும்படி மாற்றி எழுதினான். விசிறியின் வேகம் தணிந்தது.

அதன் பிறகு அங்கே யாரையும் அவர்கள் உட்காரவிடுவதில்லை. இன்று காலை தேவிப்ரியா போனைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே பால் காய்ச்சிக்கொண்டிருந்த கணவனைக் கூப்பிட்டாள்.

"இங்க வாங்களேன். நம்ம பொண்ணு நாலு கிலோ ஆயிட்டா."