கல்லீரலுக்கு ஒரு வார்த்தை

ஜன்னல் வழியே வரும் காலை வெயில், மாவுக்கட்டுப் போட்ட காலின்மேல் பூனைபோலச் சுருண்டு படுத்திருக்கிறது. ஏணியிலிருந்து விழுந்த பெயின்டர் விரலை நீட்டுகிறார். நகக்கண்ணில் இன்னும் நீலப் பெயின்ட். நர்ஸ் ஊசியால் குத்துகிறாள், ஒரு சொட்டு ரத்தம் சிவப்பு மணியாகத் திரள்கிறது. மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். விழுந்த நாளிலிருந்து சர்க்கரை எகிறிக் கிடக்கிறது. திருட்டுத்தனமாக மிட்டாய் தின்கிறார் என்று தலையணை உறையை உதறிப் பார்த்தவள் அவள். தினமும் வாயை ஊதச் சொல்லி மோந்தும் பார்த்தாள். “நார்மல்!” என்கிறாள் நர்ஸ். “அவரைத் திட்டாதீங்கக்கா. அடிபட்டா, பயந்தா, கல்லீரல் சேர்த்து வச்ச சர்க்கரையை எடுத்து ரத்தத்துல கொட்டிடும். காயம் ஆற ஆற அடங்கிடும்.” “தலப்பாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டியா?” என்று வழக்கில் ஜெயித்தவர்போல நிமிர்கிறார் பெயின்டர். மனைவியின் முகத்தில் அசட்டுச் சிரிப்பு மலர்கிறது. அவருடைய வலது விலாவுக்குக் கீழே உள்ளங்கையை வைக்கிறாள். அவருக்குக் கூசுகிறது, நெளிகிறார், ஆனால் கையைத் தட்டிவிடவில்லை. அவள் குனிந்து, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோல் ரகசியமாகச் சொல்கிறாள்: “மகராசி, இவர் விழுந்ததும் எனக்கு முன்னாடி பதறினது நீதானா?”