யாப்பில் ஓர் இடம்

“நேர் நேர் தேமா! நிரை நேர் புளிமா!” என்று மேடையில் குருமூர்த்தி ஐயா உற்சாகமாகத் தொடங்கியதுமே செயலாளர் யோகராஜா தலையில் கைவைத்துக்கொண்டார்.

லண்டன் வால்தம்ஸ்டோ மண்டபத்தில் நூறு தமிழர். கூட்டமோ அவுஸ்திரேலியப் பூர்வகுடிகளுக்காக. அவர்களை அந்த நாட்டு யாப்பின் முகவுரையில் அங்கீகரிப்பதா என்று அடுத்த மாதம், 1999 நவம்பரில், அங்கே வாக்கெடுப்பு.

பிழை யோகராஜாவுடையதுதான். “யாப்பிலை பூர்வகுடிகளுக்கு இடம் குடுக்கிறதைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்கோ ஐயா” என்று போனில் கேட்டிருந்தார். யாழ்ப்பாணத்தாருக்கு யாப்பு என்றால் அரசியல் சட்டம். கும்பகோணத்துத் தமிழாசிரியர் குருமூர்த்திக்கு யாப்பு என்றால் செய்யுள் இலக்கணம். மனிதர் வெண்பாவோடு வந்துவிட்டார்!

மண்டபம் குலுங்கிச் சிரித்தது.

“இந்தாளை ஆர் கூப்பிட்டது?” தலைவர் தியாகராஜா பல்லைக் கடித்தார். கூட்டம் குழம்பினால் செயலாளர் பதவி பாஸ்கரனுக்கு என்று காலையிலேயே சொல்லிவைத்தவர் அவர்.

“பாஸ்கரனா இருக்கும் அண்ணை,” என்றார் யோகராஜா, கூசாமல்.

தலைவரின் பேச்சு முன்னமே அமோகமாக முடிந்திருந்தது. விருந்தினர் பியற்றிஸ் ஒரு பூர்வகுடி ஓவியர். தன் ஊர்ப் பாறை ஓவியங்களை அவர் திரையில் காட்டத் தொடங்கியதுமே தலைவர் மைக்கைப் பறித்துக்கொண்டார்.

“பாருங்கோ, பெரிய கண் இருக்கு, வாய் இல்லை! வாயில்லாச் சீவன்கள். அவையளுக்காக நாங்கள்தான் கதைக்கவேணும்!”

நாற்பது நிமிடம் கதைத்தார். பியற்றிஸ் வாய் திறக்க நேரமில்லாமல் போயிற்று.

இப்போது குருமூர்த்தி, சிரிப்பைப் பாராட்டென்று நினைத்தாரோ என்னவோ, கணீரென்று பாடினார்:

“மூப்பில் முதல்வர் ஙரிஞின் குடியினர்க்கு
யாப்பில் இடமில்லை யோ?”

சட்டென்று பியற்றிஸ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். கோபமோ? யோகராஜா கண்ணை இறுக மூடிக்கொண்டார். பதவி போனது போனதுதான்.

“அந்த மூன்றாவது சொல்! இன்னொரு தடவை சொல்லுங்கள்!” என்றார் பியற்றிஸ் ஆங்கிலத்தில்.

“ஙரிஞின்!”

பியற்றிஸ் கைதட்டிக் குதித்தார். “எங்கள் சனத்தின் பெயர்! லண்டனுக்கு வந்து மூன்று வாரம். ஒருவர் வாயிலும் நுழையவில்லை. இவர் என் அம்மாவைப் போலவே சொல்கிறாரே, எப்படி?”

யோகராஜா மொழிபெயர்த்தார். குருமூர்த்தி வெட்கத்தோடு தலையைச் சொறிந்தார்.

“பேர் தெரியாம ஒருத்தரை வெண்பாவுல எப்படிம்மா உட்கார வைக்கிறது? நீங்க படம் வெச்சிருக்கிற கண்காட்சி ஆபீசுக்குப் போன் பண்ணி, எழுத்துக்கூட்டச் சொன்னேன். ‘என், ஜி’ன்னு ஆரம்பிச்சாங்க. அப்போ முதல் எழுத்து ங! நம்ம தமிழ்ல ஙகரத்துல சொல் தொடங்குறதே அபூர்வம். ஆயிரம் வருஷமா வேலையில்லாம, அரசாங்க பெனிபிட் காசுல உட்கார்ந்திருந்த எழுத்தும்மா அது. இன்னைக்குத்தான் வேலை கிடைச்சிருக்கு!”

பெனிபிட் என்றதும் மண்டபம் மறுபடி சிரித்தது. இந்த முறை யோகராஜா அதை ஆங்கிலத்தில் சொல்ல, பியற்றிஸும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ங! ங!” என்று முன்வரிசைச் சிவனேஸ்வரி அக்கா சொல்லிப் பார்க்க, பின்வரிசை “ஙரிஞின்!” என்று முழங்கியது. அந்த ஆரவாரத்தில் யோகராஜா மைக்கைக் கொண்டுபோய் பியற்றிஸின் கையில் கொடுத்துவிட்டார்.

தலைவருக்கு மட்டும் ஆறவில்லை.

“யாப்பெண்டா என்னெண்டு விளங்காத மனிசன்! ஆர் கூப்பிட்டது எண்டு இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லை.”

“நான்தான் அண்ணை,” என்றார் யோகராஜா உரத்து.

தலைவர் முறைத்தபடி தீர்மானத்தை நீட்டினார், செயலாளர் கையெழுத்துக்காக. ‘பூர்வகுடிகளைப் பெயர் சொல்லி யாப்பில் அங்கீகரிக்க வேண்டும்’ என்று தொடங்கி மூன்று பக்கம். யோகராஜா பேனாவைத் திறந்துகொண்டு, முதலிலிருந்து கடைசிவரை தேடினார்.

‘வாயில்லாச் சீவன்கள்’ ஏழு இடத்தில் இருந்தது. ஙரிஞின் ஓரிடத்திலும் இல்லை.