தங்கச்சி வாயைப் பொத்தினவள்

ஏழு வயசுப் பிள்ளையைப் போய்ப் பொறாமை பிடித்தவள் என்று சொல்லலாமா? சொல்லக் கூடாதுதான். ஆனால் அபிநயா அன்றைக்குச் செய்த காரியத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள்.

மூணு வயசுத் தங்கச்சி தனுவின் வாயைப் பொத்திவிட்டாள். சும்மா விளையாட்டுக்கு இல்லை. நகம் கீறி, சின்னவள் உதட்டில் ரத்தம்.

அம்மா வித்யாவுக்கு இது ஏழாம் மாசம். அப்பா மதன் நாமக்கல்லில் முட்டை லாரி ஓட்டுகிறவன், கேரளாவுக்கு லோடு போயிருந்தான். மதனின் அக்கா வசந்தாமணி எருமப்பட்டியிலிருந்து ஒரு பை கொய்யாப்பழத்தோடு பார்க்க வந்திருந்தாள். வந்தவள் தனுவை மடியில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டு, எல்லாரும் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டாள்.

"ஏஞ்சாமி, அம்மா வயித்துல என்ன இருக்குது? தம்பியா, பாப்பாவா?"

வயிற்றுப் பிள்ளையைப் பற்றிச் சின்னக் குழந்தை வாயில் என்ன வருகிறதோ அது அப்படியே பலிக்கும் என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டல்லவா? ஸ்கேன் எடுக்கிற இடத்தில் கேட்டால் சொல்ல மாட்டார்கள். வீட்டுக் குழந்தையிடம் கேட்க என்ன தடை? கேட்பவர்களுக்கும் அலுப்பதே இல்லை.

தனு பதில் சொல்ல வாயைத் திறந்தாள். மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த அபிநயா எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் பாய்ந்தாள்.

இது முதல் தடவையும் இல்லை. எதிர்வீட்டு அம்மாள் கேட்டபோது தங்கச்சியைத் தரதரவென்று உள்ளே இழுத்துப் போனாள். ஆஸ்பத்திரி வரிசையில் யாரோ கேட்டதற்கு, தண்ணீர் பாட்டிலைத் தனு வாயில் திணித்துப் புரையேற வைத்தாள். ஏன் என்று கேட்டால் கல்லு மாதிரி நிற்பாள்.

வித்யாவுக்கு ஏற்கெனவே மனசு சரியில்லை. தனுவுக்கு அப்புறம் உண்டானது ஒன்று அஞ்சாம் மாசத்தில் கலைந்து போயிருந்தது. இதுவாவது நல்லபடியாகப் பிறக்குமா என்ற பயத்தில் பாதி நாள் சோறே இறங்குவதில்லை. அந்தப் பயமும் கோபமும் சேர்ந்து பளாரென்று மூத்தவள் கன்னத்தில் இறங்கியது.

அபிநயா அழவில்லை. அது வித்யாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வசந்தாமணி தீர்ப்பே சொல்லிவிட்டாள். இது சுத்தப் பொறாமை, இன்னொன்று பிறந்தால் தன்னைக் கொஞ்ச மாட்டார்கள் என்று பிள்ளை மனசில் விஷம் ஏறிவிட்டது, நாளைக்குப் பச்சைக் குழந்தை மூக்கைப் பொத்தினால் என்ன செய்வாய் என்று கேட்டாள். அதைக் கேட்டதும் வித்யா தனுவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மதனுக்குப் போன் போனது. அக்கா சொல்வது சரிதான், பிரசவம் ஆகிற வரைக்கும் அபி எருமப்பட்டியில் இருக்கட்டும், ஜூனில் ஆஸ்டல் ஸ்கூலில் போட்டுவிடலாம் என்று அவன் வண்டி ஓரங்கட்டின இடத்திலிருந்தே முடிவு பண்ணிவிட்டான்.

சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்புவதாகப் பேச்சு. வித்யா குனிய முடியாமல் குனிந்து, அபியின் துணிகளைப் பையில் அடுக்கினாள். பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள் அபிநயா. அதைப் பார்க்கப் பார்க்க வித்யாவுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. பெத்த மனசு இல்லையா?

"ஏன் கண்ணு இப்படிப் பண்ற? நமக்குக் குட்டிப் பாப்பா வர்றது உனக்குப் புடிக்கலியா?"

"புடிக்கும்."

"பின்ன என்னதான்டி உனக்கு?"

அபிநயா கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"நான் அத்தை ஊட்டுக்குப் போறேம்மா. அழமாட்டேன். ஆனா தனுகிட்ட யாரும் அதைக் கேக்காம நீ பாத்துக்கோணும்."

"கேட்டா என்ன? அவ தம்பின்னோ பாப்பான்னோ சொல்லிட்டுப் போறா."

"நானும் அப்படித்தான் வெளையாட்டா சொன்னேன். போன தடவை அத்தை எங்கிட்டக் கேட்டாங்கல்ல? வயித்துல ஒண்ணுமே இல்லைன்னு சொல்லிச் சிரிச்சேன்."

மடித்த பாவாடையைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டாள் வித்யா. அப்படி ஒன்று நடந்ததே அவளுக்கு ஞாபகத்தில் இல்லை.

"அப்பறம் பாப்பா செத்துப் போச்சு. ஆஸ்பத்திரில நீ படுத்திருந்தப்ப, 'இவ வாய்தான் கொழந்தையக் கொன்னுபோட்டுது'ன்னு அத்தை அப்பாகிட்ட சொன்னாங்க. நான் தூங்கறேன்னு நெனச்சுட்டாங்க. அப்பா ஒண்ணும் சொல்லல."

புறப்படலாமா என்று கேட்க வந்த வசந்தாமணி கதவோரத்திலேயே நின்றுவிட்டாள். அவளுக்கு உள்ளே வரவும் முடியவில்லை, திரும்பிப் போகவும் முடியவில்லை.

அத்தையைப் பார்த்ததும் அபிநயா பயந்துபோய் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லாமல் விடவில்லை.

"தனு சின்னப் புள்ளம்மா. தெரியாம அவளும் ஒண்ணுமில்லைன்னு சொல்லிப்போட்டா, அவளையும் அப்படித்தான் சொல்லுவாங்க. அந்தப் பேரு எனக்கு மட்டும் இருக்கட்டும்."